தம்பி, உன் ஈரல் நலம்

தம்பி,

இன்று காலை மத்தூரிலிருந்து கோவிந்தராஜ் போன் செய்தார். நிவேதாவின் தாய்மாமன், உரக்கடைக்காரர், போன மாதம் நம் வீட்டுக்கு வந்து சோபாவின் நுனியில் மட்டும் உட்கார்ந்துவிட்டுப் போனவர். அங்கே மழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஓசூரில் குளிர் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பிறகு அதே குரலில், "தம்பிக்கு ஈரல் இப்ப எப்படிங்க சார் இருக்குது?" என்று கேட்டார்.

மகனின் ஈரலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஒரு தகப்பனுக்கு யோசனை தேவைப்படக் கூடாது. நான் யோசித்தேன். நீ கம்பெனியில் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதில் எதுவரை அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு அமைதி உண்டாயிற்று. அதைக் கேட்ட எந்த டாக்டரும் நோயை உறுதி செய்திருப்பார். "சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன். ரிப்போர்ட் வரட்டும் என்று சொல்கிற தொனியில் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

உன்னைக் கூப்பிட்டேன். உன் போன் லாக்கரில் இருக்கும், ஷாப் ஃப்ளோருக்குள் கொண்டுபோகக் கூடாது, ஷிஃப்ட் முடிந்துதான் எடுப்பாய் என்பது தெரிந்தேதான் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். லாக்கருக்குள் அது அதிர்ந்துகொண்டிருப்பதை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் நீங்கள் நேராக வண்டி ஏறி, ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளிக்கு அப்பால் இருக்கும் அந்த ரிசார்ட்டுக்குப் போகிறீர்கள். கஸ்டமர் டின்னர். குவாலிட்டி மேனேஜரான பிறகு உனக்கு முதல் டின்னர். இந்தத் தடவை நீ விருந்தாளி இல்லை, விருந்து கொடுக்கிறவன். நாளைக் காலை, எல்லாம் ஒழுங்காக இருந்தால், மத்தூரிலிருந்து நிச்சயத் தட்டோடு வேனில் வருகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது. சும்மா உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன், லாக்கரைத் திறந்ததும் படி. படித்த பிறகு உன் டீமில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. இதில் மறைக்க எதுவும் மிஞ்சப்போவதில்லை என்று இப்போதே தோன்றுகிறது.

உன் நோயின் வரலாற்றை ஒரு தடவை நினைவுபடுத்துகிறேன். நோயாளிகள் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள். குடியை விட்ட பிறகு வந்த முதல் டின்னரில், பல் வலி, ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன் என்றாய். பல் சீக்கிரம் குணமாகிவிடும். அடுத்த டின்னருக்கு அதையே வைத்துக்கொண்டு நிற்க முடியாது. எனவே வெறும் "மாத்திரை" என்றாய். என்ன மாத்திரை என்று நீ சொல்லாததால் அந்த வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டோர்ஸில் அது கேஸ் டிரபிள். டெஸ்பாட்சுக்குப் போனபோது அல்சர். கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இறங்கியபோது ஈரல். நம் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிக்க வருகிறவர்கள் கம்பெனிக்குள் போவதில்லை, கேட்டுக்கு எதிரே டீ குடிப்பார்கள். கோவிந்தராஜும் குடித்திருக்கிறார். போனை வைப்பதற்கு முன்னால், டீ மாஸ்டர் சொன்னதை எனக்கு அப்படியே ஒப்பித்தார். "தங்கமான பையன் சார். யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டாரு. பாவம், ஈரல்தான் போயிடுச்சு."

ஈரல் போனவனைப் பற்றி நம் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. ஏன் போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். குடிக்காமல் இருப்பதற்காக நீ ஏற்பாடு செய்துகொண்ட நோய் உன்னைக் குடிகாரனாக்கிவிட்டது, அதுவும் முற்றிய நிலையில். நிவேதா வீட்டிலோ இருந்தது ஒரே நிபந்தனை. நாம் பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா கூடத்துக்கே வரவில்லை. பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில் ஏதோ வேலை என்றார்கள். மாடு எதுவும் கண்ணில் படவில்லை. திரும்பும்போது கோவிந்தராஜ் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "வேற எதுவும் நாங்க கேக்கலீங்க. பையன் குடிக்கக் கூடாது. எங்கக்கா ஒருத்தர வச்சு ஓட்டிட்டாங்க, அது போதும்" என்றார். நான் தலையாட்டினேன். நீ அப்போது வேனுக்குப் பக்கத்தில் நின்று நிவேதாவின் ஜன்னலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று முதல் நீ வீட்டில் பாட்டு முணுமுணுக்கிறாய். உன் அம்மா அதை என்னிடம் சொன்னாள். ஆகவே இந்தப் போன் எனக்குச் சாதாரணப் போன் இல்லை.

இப்போது உன் அம்மா வந்து போனாள். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்தாள்.

"ஈரல்னா கேட்டாரு?"

"ஈரல்தான்."

"கேஸ் டிரபிள்னு சொல்லிடுங்க. எல்லா வீட்லயும் இருக்கறது. கௌரவமா இருக்கும்."

"அப்ப ஏன் மாத்திர, ஏன் டின்னர்ல வேணாம்னான்னு கேட்டா?"

"கேட்டா, முன்னாடி குடிச்சான், இப்ப விட்டுட்டான்னு சொல்லுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் பழக்கம் அவளுக்குத் தெரியாது என்றுதான் நாம் இருவரும் இத்தனை நாள் மொட்டை மாடியில் போய்ப் பேசிக்கொண்டிருந்தோம்.

"உனக்கு யார் சொன்னது?"

"துணி தொவைக்கிறது யாரு? குடிச்சதும் தெரியும், விட்டதும் தெரியும். நீங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போயி போயி பேசினதும் தெரியும். தொட்டி ரொம்புதா பாக்கப் போறோம்னீங்க. தண்ணியே வராத அன்னிக்கு."

சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போய்விட்டாள். இந்த வீட்டில் ரகசியத்தைக் காப்பாற்றியது யார் என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது.

நான் உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், போனையே பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. நான் அட்மின் ஆபீசராக இருந்தபோது இந்த டின்னர்கள் எல்லாம் என் தலையில்தான் இருந்தன. ரிசார்ட்டைப் பேசி முடிப்பது, வண்டி போடுவது, எந்த அதிகாரியை எந்த அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று பார்ப்பது. நம் ஊர் விருந்துகள் கர்நாடக எல்லை தாண்டித்தான் நடக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனாலும் அத்திப்பள்ளி வளைவைத் தாண்டியதும் ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர், "பார்டர் தாண்டியாச்சு சார், இனிமே குடிக்கிறது தமிழ்நாட்டுக் கணக்குல வராது" என்பார். எல்லோரும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்பார்கள். நீயும் சிரி. அது வேலையின் ஒரு பகுதி.

ரிசார்ட்டுக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்பார்கள், "சார், ஜூஸ் எத்தன பேரு?" என்று. நோயாளிக்குக் கஞ்சி எத்தனை என்று கேட்கிற குரலில். ஜூஸ் மேஜையை எப்போதும் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில், குழந்தைகளின் ஊஞ்சலுக்கு எதிரே போடுவார்கள். அங்கே போய் நின்ற பெரிய மனிதர்கள் ஒரு மணி நேரத்தில் யாருடைய குழந்தைக்காவது ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் மீட்டிங்கில் அவர்கள் பேசியது எடுபட்டதில்லை. நீ இன்று விருந்து கொடுப்பவன். ஜூஸ் மேஜைக்குப் போ, கிளாஸை எடு, உடனே திரும்பி வந்துவிடு. அங்கே குடியிருக்காதே.

நம் ஆட்கள் மதிக்கிற காரணம் ஒன்றே ஒன்றுதான், சாமிக்குப் போடுகிற மாலை. எங்கள் அக்கவுண்ட்ஸில் ராமமூர்த்தி என்று ஒருவர் இருந்தார். கார்த்திகையில் கருப்பு வேட்டி கட்டினால் அவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். "சாமிக்கு ஒரு லைம் ஜூஸ்" என்று ஜெனரல் மேனேஜரே சொல்வார். அந்த மரியாதை பிடித்துப்போய் தையில் பழனிக்குக் காவி கட்டினார். பங்குனியில் அவர் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். வைகாசியில் அவருக்குத் தெய்வம் கிடைக்கவில்லை. அந்த டின்னரில் சாதாரண பேன்ட் சட்டையில் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். யார் கையிலாவது கிளாஸ் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என் கையைப் பார்த்தார். அதில் கிளாஸ் இருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் ஒன்று வாங்கிக்கொண்டார்.

என் கிளாஸில் இருந்தது லைம் சோடா. அதில் கொஞ்சம் கோலா விட்டால் விஸ்கியின் நிறம் வந்துவிடும். பார் பையனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒரு சொட்டுக் குடிக்காமல், நன்றாகக் குடிப்பவன், ஆனால் நிதானம் தவறாதவன் என்ற பெயரோடு இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று அந்தப் பெயருக்குப் பரிசாக எனக்கு விஸ்கி கிளாஸ்கள் கொடுத்தார்கள், கனமான அடியோடு, வெல்வெட் பெட்டியில். கோவிந்தராஜ் நம் வீட்டுக்கு வந்த அன்று, விருந்தாளிக்கு நல்ல தம்ளர் என்று உன் அம்மா அவற்றில்தான் மோர் கொடுத்தாள். அவர் அதைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது யோசித்தால், உன் ஈரல் அன்றைக்கே பாதி போயிருக்க வேண்டும்.

குடிப்பதாக நடிக்காதே என்று இதனால்தான் சொல்கிறேன். நீ நடித்தால் அதே ஹாலில் உன்னைப் போலவே வேண்டாம் என்று நினைக்கிற இன்னொருவன் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வான். உன் டீமில் புதிதாகச் சேர்ந்த டிரெய்னிகள் இன்று உன் கையைத்தான் பார்ப்பார்கள்.

மற்றபடி எனக்குத் தெரிந்தவை சில்லறை விஷயங்கள். போவதற்கு முன்னால் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ. பசியோடு இருக்கிறவனுக்கு உறுதி குறைவு. கையைக் காலியாக வைத்துக்கொள்ளாதே. வெறும் கையைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு மனசு தாங்காது. "பீரெல்லாம் சரக்குல சேராது சார்" என்று ஒருவர் வருவார். "கஸ்டமர் தப்பா நெனப்பாரு, சும்மா கம்பெனிக்கு" என்று இன்னொருவர் வருவார். கஸ்டமருக்கு உன் கிளாஸைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது, அவர் தன் ஃப்ளைட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார். வற்புறுத்துகிறவன் பெரும்பாலும் தன் இரண்டாவது கிளாஸுக்குத் துணை தேடுகிறவன். அவனிடம் கோபப்படாதே, குடியின் கேட்டைப் பற்றி எதுவும் சொல்லாதே. குடிக்காதவன் செய்கிற பிரசங்கத்தைப்போலப் பக்கத்தில் இருப்பவனைக் குடிக்கத் தூண்டுவது எதுவும் இல்லை.

வண்டிச் சாவியை மட்டும் வாங்காதே. குடிக்காதவன் என்று தெரிந்த நிமிடம் எல்லோருடைய சாவியும் அவன் பாக்கெட்டுக்கு வந்துவிடும். நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். திரும்பும் வழியில் ஒரு வைஸ் பிரசிடென்ட் பின் சீட்டில் உட்கார்ந்து, தன் தம்பிக்கும் தனக்கும் நடக்கும் நிலத் தகராறைச் சொல்லி அழுதார். பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை முதல் அவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் என்னைக் கேன்டீன் கமிட்டியில் போட்டார்கள். தெளிவாக இருப்பவனின் பெரிய சிரமம் குடிக்காமல் இருப்பது இல்லை, மறுநாள் எல்லாம் நினைவிருப்பது. கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வா. திரும்புவதற்கு டிரைவரோடு வண்டி ஏற்பாடு செய், மேனேஜராகிவிட்டாய், செய்யலாம்.

மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரும் நிறுத்தவில்லை. போய் நிறுத்திவிட்டு வந்தேன். வழியில் போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நீ ஏன் விட்டாய் என்பதை இன்று போனில் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம், ஆடி மாதம். ஆடிட் முடிந்த டின்னரில், ஹீட் டிரீட்மென்ட் உலையில் இருந்து இன்னும் வெளியே வராத ஒரு லாட் பாகங்களைத் திங்கட்கிழமை உங்கள் கையில் கொடுக்கிறேன் என்று கஸ்டமரிடம் கை குலுக்கிச் சத்தியம் செய்தாய். உன் சத்தியத்துக்காக ஞாயிற்றுக்கிழமை முழு ஷிஃப்டும் வந்து வேலை செய்தது. அதற்காக நீ விடவில்லை. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை கீழே இறங்கிப் போய் உன் பைக்கைப் பார்த்தாய். சரியான இடத்தில், சரியாக ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைப் பூட்டி நிறுத்தியிருந்தது. நீ நிறுத்தியதுதான். அத்தனை லாரிகள் போகிற அந்தச் சாலையை எப்படிக் கடந்தாய் என்பது மட்டும் உனக்கு நினைவில்லை. கீழே விழுந்திருந்தால்கூட உனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது என்று மாடியில் வைத்துச் சொன்னாய். தொட்டியின் மூடியைத் திறந்து மூடினேன்.

இப்படி விட்டவன் பல் வலி என்று சொல்லித் திரிவது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. என் அப்பா காலத்தில் குடிப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்து குடித்தார்கள். நாம் குடிக்காததை ஒளிக்கிறோம். உன் லைனில் இருக்கும் முனியப்பன் ஒவ்வொரு தடவை தன் ஊரான சாமல்பட்டிக்குப் போய்த் திரும்பும்போதும் உனக்காக வரப்பில் கீழாநெல்லி பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறார். "மோர்ல அரைச்சு வெறும் வயித்துல குடிங்க சார், ஒரே மாசத்துல ஈரல் புதுசாயிடும்" என்கிறார். நீ அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறாய், உன் அம்மா அரைக்கிறாள், நீ கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறாய். இல்லாத நோய்க்கு இவ்வளவு ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மனிதர் வெயிலில் குனிந்து பறித்தது உண்மை.

நான் இங்கே எழுதிக்கொண்டிருந்தபோதே போன் வந்துவிட்டது. மாலைவரை கோவிந்தராஜ் காத்திருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"சார், வேன்காரன் கேக்கறான். நாளைக்கு உண்டா இல்லியான்னு. அதான்."

"ஈரல் நல்லா இருக்குதுங்க. ஈரலுக்கு எப்பவும் ஒன்னும் இருந்ததில்ல."

"அப்ப மாத்திர?"

"மாத்திரையும் கெடையாது. யாராவது கிளாஸ நீட்டினா சொல்றதுக்குன்னு வச்சிருந்த பேச்சு."

"அப்படீங்களா." அவர் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப தம்பி ஆரம்பத்துல இருந்தே தொட்டதில்லீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும், தம்பி. வேன் கிளம்பிவிடும். நீயும் அதைத்தான் விரும்பியிருப்பாய். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அந்த வீட்டுக்குப் பின்பக்கம், மாடே இல்லாத கொட்டகையில் ஒருவர் வேலையாக இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

"தொட்டானுங்க. கம்பெனியில சேந்த புதுசுல பழகினான். போன ஆடியில விட்டுட்டான்."

அமைதி. இந்தத் தடவை அவர் பக்கத்து அமைதி.

"மறுபடி ஆரம்பிச்சா?"

"அதுக்கு நான் ஜவாப் சொல்ல முடியாதுங்க. இன்னிக்குகூட டின்னருக்குத்தான் போறான். ஆடியில இருந்து இதுவரைக்கும் தொடல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், இது நம்மளுக்குள்ள இருக்கட்டும். எனக்கும் சுகர் கெடையாது."

"என்னங்க?"

"ஊர் பூரா எனக்கு சுகருன்னு பேரு. நானும் விட்டவன்தான் சார். உரக் கம்பெனிக்காரங்க மீட்டிங் போட்டா கிளாஸோடதான் கூப்புடுவாங்க. வேணாம்னா வுட மாட்டாங்க. சுகருன்னேன், வுட்டுட்டாங்க. அதோட போச்சா? கல்யாணத்துக்குப் போனா என் எலைய மட்டும் தாண்டிகிட்டுப் போறான் பாயசக்காரன். சீசன்ல வீட்லயே மாம்பழத்த ஒளிச்சு வெக்கறாங்க. கிருஷ்ணகிரி ஜில்லாவுல பொறந்துட்டு ஒரு மனுசன் மாம்பழத்தத் திருடித் திங்க வேண்டியிருக்குது."

அப்போது போனில் வேறொரு குரல் கேட்டது, பெண் குரல், சற்றுத் தள்ளி இருந்து. "டேய், உனக்குச் சக்கர இல்லியா? தெனம் தனியா உனக்குன்னு களி கிண்டிப் போட்டனே, பாவி."

அவருடைய அக்கா. நிவேதாவின் அம்மா. ஸ்பீக்கர் போட்டிருந்ததைக் கோவிந்தராஜ் மறந்துவிட்டார். ஆக, நான் சொன்னதையும் அந்த வீடே கேட்டிருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் சத்தமாக இருந்தது. பிறகு யாரோ போனை வாங்கினார்கள்.

"மாமா, நிவேதா பேசறேன்."

"சொல்லும்மா."

"அவரா விட்டாரா, நீங்க விட வச்சீங்களா?"

"அவனாத்தாம்மா. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கெடையாது."

"இத அவரே எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவ போன்ல பேசினோம். பெட்ரோல் வண்டியா எலக்ட்ரிக் வண்டியா, எது நல்லதுன்னு பேசினாரு."

"சொல்லியிருக்கணும்மா."

"நாளைக்கு வர்றோம். தட்டு மாத்தறதுக்கு முன்னாடி அவர் வாயால சொல்லட்டும், எல்லாத்தையும். அப்புறந்தான் நான் சொல்லுவேன். இன்னிக்குப் பார்ட்டியில மாத்திரைன்னு சொல்ல வேணாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு நான் சரின்னுட்டா, அவங்க எல்லாரும் கல்யாணத்துக்கு வந்து பந்தியில உக்காந்துகிட்டு என்னையப் பாவமாப் பாப்பாங்க. அது என்னால ஆகாது."

சரி என்றேன். வைத்துவிட்டாள். அந்தப் பெண் உனக்குச் சரி என்று சொன்னாளா இல்லையா என்று உன் அம்மாவும் நானும் இவ்வளவு நேரம் வாதாடினோம். பந்திவரை போய்விட்டாள், சொன்ன மாதிரிதான் என்கிறாள் உன் அம்மா. தட்டு கை மாறும்வரை எதுவும் முடிவில்லை என்கிறேன் நான். நீயே படித்து முடிவு செய்துகொள். உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அதற்கு என்னைத் திட்ட வேண்டுமானால் நாளை வேன் போன பிறகு மாடிக்கு வா. இனி அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை என்றாலும், பழகிவிட்டது.

ஆகவே, தம்பி, இன்று மாலை நிலவரப்படி உனக்கு எந்த நோயும் இல்லை. முதல் கிளாஸை யாராவது நீட்டும்போது நீ வெறும் ஆரோக்கியத்தோடு மட்டும் நிற்க வேண்டியிருக்கும். "வேண்டாம்" என்று சொல். ரிசார்ட்டுப் பையன் கன்னடக்காரனாக இருந்தால் "பேடா" என்று சொல்; எந்தப் பாஷையிலும் அது சின்னச் சொல்தான், காரணம் சேர்க்கும்போதுதான் நீளுகிறது. ஏன் என்று கேட்டால், "விட்டுட்டேன்" என்று சொல். சொல்லிவிட்டு நிறுத்திக்கொள். அதற்குப் பிறகு ஒரு அமைதி வரும். அதை நிரப்ப உனக்கு ஆசையாக இருக்கும், நாக்கு பல்லைத் தேடிப் போகும். நிரப்பாதே, நின்றுகொண்டிரு. அது நீ பயப்படுகிற அளவுக்கு நீளாது. அதற்குள் யாராவது சிக்கன் தட்டோடு வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை முனியப்பனிடமும் கீழாநெல்லி வேண்டாம் என்று நீயே போய்ச் சொல்லிவிடு. அந்த வேண்டாம்தான் இதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

உன் அம்மா சமையலறையில் வெல்வெட் பெட்டியைத் திறந்து அந்தக் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். நாளைப் பாயசத்தை அவற்றில்தான் ஊற்றப்போகிறாளாம். கோவிந்தராஜுக்கு முதலில், விளிம்புவரை.

அப்பா